மணல் தீரும் வரை

சிட்டு என்ற சிறுமியைப் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியே அனுப்பியபோது சொன்ன காரணம் ஒன்றே ஒன்றுதான்: ஓர் இடத்தில் உட்கார மாட்டேன் என்கிறாள். பேச்சு அவ்வளவாக வராத பிள்ளை, சொன்னாலும் ஏறாது. உட்காரப் பழகினால் கூட்டி வாருங்கள், பார்க்கலாம் என்று தலைமையாசிரியை கையைக் கழுவிவிட்டார்.

அப்படி வெளியே நிற்கும் பிள்ளைகளை வீடு தேடிப் போய்ப் பழக்குவதுதான் டீச்சரின் வேலை. அவள் கையோடு கொண்டுவந்தது ஒரு மணல் கடிகாரம். கைக்கு அடக்கமான குடுவை. கவிழ்த்து வைத்தால் நீல மணல் இறங்கும். இறங்கி முடியும்வரை உட்கார வேண்டும், முடிந்தால் ஓடலாம். இடையில் யாரும் வாய் திறக்கக் கூடாது. மனுஷர்கள் பேச்சு மாறுவார்கள், மணல் மாறாது என்று சிட்டு நம்ப வேண்டும். டீச்சரின் வித்தை மொத்தமும் அந்த நம்பிக்கையில்தான் நின்றது.

பலித்தது. மணல் தீர்ந்ததும் சிட்டு நாற்காலியிலிருந்து பாய்ந்து, சுவரைத் தட்டி, சமையலறையை ஒரு சுற்று சுற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டே வந்து உட்காருவாள். டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் பழக்குங்கள் என்று குடுவையை அம்மாவிடமே கொடுத்துவிட்டுப் போனாள்.

அங்கேதான் கோட்டை விட்டாள். மணல் முடியுமுன் குடுவையைத் தொடக் கூடாது என்று சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

போகப் போக சிட்டின் ஓட்டம் நடையானது. பிறகு எழுந்து நிற்பதோடு சரி. சிரிப்பைக் காணோம். சத்தமே காணோமே, குழந்தையை எங்காவது அனுப்பிவிட்டீர்களா என்று மாடி வீட்டுக்காரர் விசாரித்ததை அம்மா பெருமையாகச் சொன்னாள். டீச்சருக்கு அது சரியாகப் படவில்லை. ஆனாலும் நல்ல பெயர் வரும் நேரத்தில் யார்தான் தோண்டித் துருவுவார்கள்?

ஒரு நாள் சீக்கிரமே வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். குடுவையில் கடைசி மணல் இறங்கிக்கொண்டிருந்தது. சிட்டு எழத் தயாராக நாற்காலி விளிம்புக்கு வந்திருந்தாள். காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா, கையை நீட்டிக் குடுவையைத் திருப்பி வைத்தாள். சிட்டு அழவில்லை. சத்தமில்லாமல் பின்னுக்கு நகர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

“எவ்வளவு நாளா இப்படிப் பண்றீங்க?”

“நீங்க குடுத்ததுலேர்ந்துதான் மேடம். இது பொசுக்குன்னு தீர்ந்துடுது. ஸ்கூல்ல ஒரு பீரியட் முழுக்க உட்காரணுமே. கொஞ்சம் நீட்டிவிட்டேன், அவ்வளவுதான்.”

பள்ளிக்கூடத்துக்கு இப்போது போக வேண்டாம், முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று டீச்சர் கெஞ்சாத குறையாகச் சொல்லிப் பார்த்தாள். அம்மா மசியவில்லை. மற்றப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு போகும்போது இவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நீங்களா தினமும் பார்க்கிறீர்கள் என்று கேட்டாள். டீச்சர் குடுவையை எடுத்துக்கொண்டு அவர்களோடு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள்.

தலைமையாசிரியையின் அறையில் சிட்டை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மேஜையில் குடுவை. மணல் இறங்கியது, தீர்ந்தது. யாரும் தொடவில்லை.

“முடிஞ்சிருச்சு சிட்டு. எழுந்து ஓடு,” என்றாள் டீச்சர்.

சிட்டு அம்மாவைப் பார்த்தாள். பிறகு தானே கையை நீட்டிக் குடுவையைத் திருப்பி வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டாள்.

தலைமையாசிரியைக்கு முகமெல்லாம் பல். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“இவ உட்காரக் கத்துக்கலை மேடம்,” என்றாள் டீச்சர். “எந்திரிக்கலாம்ங்கற நெனப்பையே விட்டுட்டா.”

“நாங்க கேட்டதும் இதைத்தானேம்மா? திங்கட்கிழமையிலேர்ந்து அனுப்புங்க.”

அப்போது நாற்காலிக்கு அடியில் சொட்டுச் சொட்டாக ஈரம் விழுந்தது. சிட்டின் பாவாடை நனைந்திருந்தது. அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. அம்மா பதறிப்போய் ஓடி வந்து தோளைப் பிடித்தாள்.

“எந்திரிடி கண்ணு. பாத்ரூம் போலாம். அம்மா சொல்றேன்ல, எந்திரி.”

சிட்டின் உடம்பு அசைந்து கொடுக்கவில்லை. கண் மணலைவிட்டு நகரவில்லை. அம்மா அவளைத் தூக்கப் பார்த்தாள். சிட்டு கால்களால் பின்னிக்கொண்டிருந்த நாற்காலியும் சேர்ந்து வந்தது. மணல் மறுபடி தீர்ந்தது. சிட்டு கையை நீட்டினாள்.