மெர்ஷாவின் துப்பாக்கி

உயிர் போன பிறகும் அப்பாவின் விரல்களுக்குள் துப்பாக்கிக்கான திரிக்கயிறு இருந்தது. அஸ்காலே ஒவ்வொரு விரலாக விரித்து அதை எடுத்தாள். மூன்று முழம் முறுக்கி முடித்திருந்தார். நாலாவது பாதியில் நின்றது. காலையில் கஞ்சி குடித்துவிட்டு, வெயில் நன்றாக இருக்கிறது என்று வாசலில் வந்து சாய்ந்தவர்தான்.

தொழுவத்திலிருந்து ஓடிவந்த கின்ஃபு மாமனாரின் கண்களை மூடினான். மாமனாரும் அவனும் பேசிக்கொண்டு ஆறு மழைக்காலம் ஆகியிருந்தது.

அப்பா மெர்ஷா, அரசரின் படையில் துப்பாக்கிக்காரர். மருமகன் கேடயமும் இரண்டு ஈட்டிகளும் ஏந்தி முன்வரிசையில் ஓடுகிறவன். நேருக்கு நேர் நின்று ஒருவனை வீழ்த்தியவனுக்குத்தான் கேடயத்தில் சிங்கப் பிடரிமயிர் கட்டும் உரிமை. ஆற்றங்கரைச் சண்டையில், இரும்புச் சட்டை போட்ட குதிரைவீரன் ஒருவனைக் கின்ஃபு வீழ்த்தப் போன நேரத்தில் மெர்ஷா பின்னாலிருந்து சுட்டுப் பெயரைக் கெடுத்துவிட்டார் என்றுதான் ஊரில் பேச்சு. அன்று முதல் உப்பு வேண்டுமென்றால்கூட இருவரும் அஸ்காலேயிடம்தான் சொல்வார்கள்.

அன்று பிற்பகலே தேவாலய வளாகத்தில் அடக்கம் முடிந்தது. மூன்றாம் நாள் ஊர் கூடி அழுதது. இறந்தவரின் கோவேறு கழுதைக்குச் சேணம் பூட்டி, துப்பாக்கியை அதன்மேல் வைத்துச் சுற்றி நடத்தினார்கள். அழுகை ஓய்ந்ததும் படைத்தலைவர் தெசம்மா வந்தார். நல்ல மனிதர்தான், சொல்லத் தயங்கித்தான் சொன்னார். துப்பாக்கி அரசருடையது. இவர்கள் உழுகிற ஆற்றோர நிலம் அதைத் தூக்குகிறவனுக்கு. இன்னும் இரண்டு நாளில் படை திரள்கிறது. வீட்டில் சுடுகிற ஆள் இல்லையென்றால் இரண்டும் வேறு ஆளுக்குப் போகும்.

எல்லோரும் கின்ஃபுவைப் பார்த்தார்கள். ஈட்டிக்காரர்களில் ஒருவன், "இனி மாப்பிள்ளை புதருக்குப் பின்னாடி படுத்துக்கிட்டுத்தான் சண்டை போடுவாரு" என்றான். சிலர் சிரிப்பை அடக்கினார்கள்.

அஸ்காலே கணவனைத் தானியக் குதிருக்குப் பின்னால் அழைத்துப் போனாள்.

"அன்னிக்கு அப்பா உங்க பேரைக் கெடுக்கணும்னு சுடலைங்க."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"ரெண்டு ஈட்டியும் அதுக்கு முன்னாடியே எறிஞ்சுட்டேன். ரெண்டும் குறி தப்பிருச்சு. அவன் என் மேலேயே குதிரையை விட்டான். உங்கப்பா மட்டும் சுடலேன்னா..."

"அதை அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"ஒவ்வொரு விதைப்புக்கும் சொல்லணும்னு நினைப்பேன்."

அவள் அழுதாள். அவன் தோளிலிருந்த கேடயத்தைக் கழற்றிக் குதிரின்மேல் சாய்த்து வைத்துவிட்டு, கூட்டத்துக்கு நடுவே போய்த் துப்பாக்கியை எடுத்தான்.

துப்பாக்கிக்கு வெடிமருந்து போடுவது அவனுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். அப்பாவின் கை நடுங்கத் தொடங்கிய பிறகு, இரண்டு படையெடுப்புகளில் அவருக்குச் சமைக்க அம்மிக்கல்லை முதுகில் சுமந்து உடன் நடந்தவள் அவள்தான். சண்டையில் மருந்து போட்டுக் கொடுத்ததும் அவள்தான். கொம்பிலிருந்து மருந்தைக் கொட்டி, குண்டை இட்டு, கம்பியால் இடித்துத் திரியைப் பற்றவைத்தாள். அவன் மண்டியிட்டுக் குழலைக் கவைக்கோலில் தாங்கினான். வேலிக்கம்பத்தில் கவிழ்த்திருந்த பானையைத் தெசம்மா காட்டினார்.

"மூச்சை வெளியே விட்டுட்டு விசையை இழுங்க," என்றாள் அஸ்காலே மெதுவாக.

வெடி அதிர்ந்தது. கழுதை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. புகை விலகியபோது பானை அப்படியே இருந்தது. அதற்கு ஒரு சாண் கீழே கம்பம் பிளந்திருந்தது.

தெசம்மா அருகே போய்ப் பிளவில் விரலை விட்டுப் பார்த்தார். "பானை பிழைச்சுருச்சு. குதிரையா இருந்தா விழுந்திருக்கும்," என்றார். "இன்னும் ரெண்டு நாள் இருக்கு. மருந்து அனுப்புறேன், பழகிக்கோ. இவளும் படையோட வருவாளா?"

"அவ வராம எப்படிங்க?" என்றான் கின்ஃபு.

ஈட்டிக்காரர்கள் யாரும் சிரிக்கவில்லை. ஒருவன் போய்க் கழுதையைப் பிடித்து வந்தான்.

மாலையில் தண்ணீர் எடுத்துத் திரும்புகையில், தேவாலய மதிலோரம் கின்ஃபுவைக் கண்டாள். மாமனாரைப் புதைத்த புதுமண் மேட்டருகே குந்தி, தணிந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். இடையில் எழுந்து இரண்டு எட்டு ஓடி, ஈட்டி எறிவதுபோல் ஒருமுறை கையை வீசினான். இன்னொரு முறை வீசினான். பிறகு வெறும் கைகள் இரண்டையும் மண்மேட்டுக்கு விரித்துக் காட்டினான்.

அஸ்காலே குடத்தின் கயிற்றைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு, அவன் சொல்லி முடிக்கட்டும் என்று நின்றாள்.