படாத நூல்

"நூலைக் குடு இங்க."

"நான் தொட்டு முடிச்சுடறேன், அண்ணி."

"நீ தொட்டா அவன்..."

"தொட்டா என்னவாம்? விரல் தேஞ்சு போயிடுமா?"

சிட்டு நைலான் நூலை விடவில்லை. நாத்தனாரும் விடவில்லை. நடுவில் கண்ணாடி அறுக்கிறவன் கையை மேசையில் நீட்டிக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான், ஒருத்திக்குத் தம்பி, ஒருத்திக்குப் புருஷன்.

கண்ணாடித் தகடு சறுக்கி மணிக்கட்டு நரம்பை அறுத்துவிட்டது. தைத்த பிறகும் விரல்கள் மரத்தே கிடந்தன. நாத்தனாருக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. ஒரு கொடியின் வேரிலிருந்து சத்தைப் பிரித்தெடுத்து, கால் நரம்பு நசுங்கிய எலிகளை நடக்க வைத்தவர்களில் அவளும் ஒருத்தி. அந்த மருந்தை மருத்துவமனை இப்போது மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்கிறது. தம்பியும் சேர்ந்துகொண்டான். தினமும் விரல்நுனியில் நூலைத் தொட்டு, படுகிறதா என்று கேட்க வேண்டும்.

சிட்டு தொட்டால் இல்லை என்பான். அக்காள் தொட்டால் படுகிறது என்பான்.

அதுதான் சிட்டுவுக்கு வயிற்றெரிச்சல். பொத்தான் போட்டுவிடுவது யார், சோறு பிசைந்து ஊட்டுவது யார்? வந்து போகிற மகராசிக்கு மட்டும் விரல் விழித்துக்கொள்கிறதாம். அந்த வேருக்கும் பிறந்த வீட்டுப் பாசம் போலிருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிச் சிரித்துவிட்டு, உள்ளே வந்து அழுதிருக்கிறாள்.

கடைசியில் நூல் நாத்தனார் கைக்குப் போனது. தொட்டாள். படுது என்றான். மறுபடி தொட்டாள். படுது. அடுத்த முறை அவள் கை அந்தரத்திலேயே நின்றது. நூல் விரலைத் தொடவே இல்லை.

"இப்ப?"

"நல்லாவே படுதுக்கா."

ஊகித்துச் சொல்கிறவர்களைப் பிடிக்க மருத்துவமனையில் இப்படித் தொடாமலே கேட்பார்களாம். தம்பியிடம் மட்டும் இதுவரை அவளுக்கு மனசு வரவில்லை.

"எத்தனை நாளாடா இப்படி?"

அவன் கண்ணைத் திறந்தான். நூலைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டான். அந்த வேரோடு மாரடித்தே உனக்குத் தலை நரைத்துப் போச்சு, இல்லைன்னு சொன்னா உன் முகம் வாடுமே என்று முணுமுணுத்தான். மருத்துவரிடம் உள்ளதைச் சொல் என்றாள் அக்காள். நூலைச் சிட்டுவின் கையில் வைத்துவிட்டு, முகம் கழுவப் போனாள்.

ஜெயித்தது சிட்டுதான். வயிறு குளிர்ந்திருக்க வேண்டும். முன்னைவிட அதிகமாகப் பற்றி எரிந்தது.

"என் முகம் வாடுமேன்னு ஒரு நாளாவது உங்களுக்குத் தோணிச்சா?"