ஓட்டையில்லாத பூட்டு

அந்தப் பூட்டைத் தேடிப் பிடித்து வாங்கி வந்தவனே சுரேந்திரன்தான். பிறகு யாரை நொந்து என்ன?

ரப்பர் தோட்டத்து கேட்டுக்கு அவன் வாச்சர், காவல்காரன். முந்தைய பூட்டைக் கம்பி விட்டு நெம்பித் திறந்து, யாரோ காய்ந்த ஒட்டுப்பால் மூட்டைகளை லொறியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். தோட்டத்து மேனேஜர் தொரை வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்து, கம்பி நுழையாத பூட்டாக வாங்கி வரச்சொன்னார். கரவனெல்லையில் ஸம்சுதீன் முதலாளி கடையில் எடுத்துக் காட்டிய பூட்டில் சாவி ஓட்டையே இல்லை. முதுகில் ஒரு பள்ளம், அவ்வளவுதான். சாவியும் பல்லில்லாத மொட்டைத் தகடு.

"உள்ளுக்கு நாலு காந்தக் குச்சி ஈக்கிது. சுருள்கம்பி அதுகள அமுக்கி வெச்சீக்கிது" என்றார் முதலாளி. "சாவிக்குள்ளயும் நாலு காந்தம். வடக்குக்கு நேர வடக்கு, தெற்குக்கு நேர தெற்கு வந்தா ஒண்டையொண்டு தள்ளும். நாலும் ஒண்டா எழும்பினாத்தான் தொறபடும். ஒண்டு படுத்தாலும் சரிவராது. இனி கள்ளன் கம்பிய எங்க உடுவான்?"

சுரேந்திரனுக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டிக்குள் ஒரு தாள் கிடந்தது, பொடி எழுத்தில் சீனமோ என்னவோ. அதை யார் பார்த்தார்கள்! நாலு மாதம் பூட்டு சொன்னபடி கேட்டது. சாவியைப் பள்ளத்தில் வைத்தால் 'டிக்'. அந்தச் சத்தம் அவனுக்கு ஒரு மரியாதை மாதிரி.

பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தன்று காலை, விறகு பொறுக்கப் போன அவன் மனைவி தனுஜாவின் கணுக்காலில் நல்ல பாம்பு போட்டுவிட்டது. படம் எடுத்ததை அவளே பார்த்தாள். லயத்து வரிசை வீடுகளிலிருந்த அஜந்தன் தன் ஆட்டோவில் அவளைப் படுக்கவைத்து, சுரேந்திரனையும் ஏற்றிக்கொண்டு, பள்ளத்தில் விழுந்து எழுந்து பத்து நிமிடத்தில் கேட்டடிக்குக் கொண்டுவந்துவிட்டான். அங்கிருந்து மெயின் ரோட்டுக்கு இரண்டு மைல். ரோட்டைப் பிடித்துவிட்டால் ஆஸ்பத்திரி, ஊசி. காலத்தோடு ஊசி போட்டால் பிழைத்துக்கொள்வாள் என்று இருவருக்கும் தெரியும்.

சுரேந்திரன் குதித்து இறங்கிச் சாவியை வைத்தான். சத்தம் வரவில்லை. எடுத்துக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்து மறுபடி வைத்தான். இல்லை.

"அண்ணே, தலைகீழா வச்சுட்டீங்களோ?"

"நாலு மாசமா தொறக்குறேன்டா! எனக்குத் தெரியாதா?"

தெரிந்து என்ன புண்ணியம். கேட்டுக்கு ஒரு பக்கம் மலைப்பாறை, மறுபக்கம் ஆளையே முழுங்கும் கான் வாய்க்கால். ஆட்டோ சுற்றிப் போக வழி கிடையாது. போனில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. இரண்டாவது சாவி ஒபீஸ் அலுமாரியில் இருக்கிறது. அலுமாரியைப் பூட்டிக்கொண்டு கிளாக்கர் ஐயா விடுமுறைக்குக் கேகாலைக்குப் போய்விட்டார். கருங்கல்லைத் தூக்கி மடேர் மடேரென்று போட்டார்கள். கல்தான் உடைந்தது. பாழாய்ப்போன பூட்டு, அன்றைக்குத்தான் அத்தனை நேர்மையாகக் காவல் காத்தது.

அஜந்தனுக்கு ஒன்று தோன்றியது. ஆட்டோவின் ஸ்பீக்கரைப் பிய்த்து, அதன் பின்னாலிருந்த வட்டக் காந்தத்தைப் பூட்டின் முதுகில் வைத்து இழுத்தான். உள்ளே டிக், டிக் என்றது. சுரேந்திரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ரெண்டு எழும்புது அண்ணே. மத்த ரெண்டும் படுத்துருக்கு."

"திருப்பி வையி!"

திருப்பி வைத்தான். படுத்திருந்த இரண்டும் எழுந்தன. எழுந்த இரண்டும் படுத்துக்கொண்டன. எத்தனை தரம் புரட்டினாலும் அதே கதை. இரண்டு வடக்கு, இரண்டு தெற்கு. முதலாளி சொன்னது ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அஜந்தன் சாவியை வாங்கி ஓர் ஆணிமேல் வைத்துப் பார்த்தான். ஆணி அசையவில்லை.

"காந்தமே செத்துப்போச்சுண்ணே. நெருப்புல கிருப்புல காட்டுனீங்களா?"

"நான் ஏன்டா நெருப்புல காட்டுறேன்?"

ஆட்டோவுக்குள்ளிருந்து தனுஜாவின் குரல் குழறியபடி வந்தது. "நாந்தான் தம்பி. சாவி பால் புடிச்சு கருப்பாக் கெடந்துச்சு. வெட்டுக்கத்திய சுடுற மாதிரி, நேத்து ராத்திரி அடுப்புல காட்டி சுட்டெடுத்தேன்."

ரப்பர் பால் வெட்டுகிற வீடுகளில் எல்லாரும் செய்வதுதான். கத்தியில் காய்ந்த பாலை உரிக்க மினக்கெடாமல் தணலில் காட்டுவார்கள், பொசுங்கி உதிர்ந்துவிடும். காலையில் சாவியை எடுத்தபோது, "அட, புதுசாட்டம் இருக்கே" என்று சுரேந்திரனே சொல்லியிருந்தான். அதற்கு அவள் முகம் எப்படி மலர்ந்தது! இப்போது வந்த கோபத்தை யார்மேல் காட்டுவதென்று தெரியாமல் அவன் கேட்டை உதைத்தான்.

"அதெல்லாம் ஒன்னுமில்ல புள்ள. பூட்டுல தூசி. இந்தா தொறந்துரும்."

"கண்ணத் தொறக்க முடியலங்க. எமை ரெண்டும் விழுந்து விழுந்து போகுது."

விஷம் ஏறுகிறது. அதற்குமேல் பூட்டோடு மல்லுக்கட்ட நேரமில்லை. அஜந்தன் இந்தப் பக்கமிருந்து தூக்கிக் கொடுக்க, ஏறிக் குதித்திருந்த சுரேந்திரன் அந்தப் பக்கம் நின்று அவளைக் கேட்டுக்கு மேலாக வாங்கி முதுகில் போட்டுக்கொண்டான். ஏதாவது வாகனத்தை மறித்துக் கொண்டுவருவதாகச் சொல்லி அஜந்தன் எகிறிக் குதித்து முன்னால் ஓடினான். வளைவில் அவன் மறைந்ததும் பாதையில் இவர்கள் இருவர் மட்டும்.

"கேட்டு தொறந்துருச்சாங்க?"

சுரேந்திரன் திரும்பிப் பார்த்தான். கேட் பூட்டியது பூட்டியபடி கிடந்தது. அதற்குப் பின்னால் ஆட்டோ நின்றது.

"தொறந்துருச்சு புள்ள" என்றான். "நீ சுட்டு வச்ச சாவியிலதான் தொறந்துச்சு."

அவள் கன்னம் அவன் தோளில் அழுந்தியது. சிரித்தாளோ என்னவோ. அவன் நடையை எட்டிப் போட்டான். அவளுடைய ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடைவெளி வர வர நீளமாகிக்கொண்டிருப்பதை அவன் காது எண்ணிக்கொண்டே வந்தது. பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப ஏங்க, ஆட்டோ சத்தம் கேக்கல?"