மூன்று பேர் ஏற வேண்டிய வண்டி

தனக்கோடிக்குப் பிக்கப் ஓட்ட லைசென்ஸ் இருந்தது. அதன் பின்னால் டிரெய்லரை மாட்டிவிட்டால், அந்த லைசென்ஸ் செல்லாது.

இந்த வித்தியாசம் சேஷகிரியின் கல் டெப்போவில் யாருக்கும் பெரிதாகப் பட்டதில்லை. காக்ஸ் டவுனுக்குப் பின்புறம், ரயில் பாதையை ஒட்டி இருந்தது டெப்போ. யுத்தம் முடிந்து ராணுவம் ஏலம் விட்டபோது வாங்கிய ஒரு பிக்கப், ஒரு நாலு சக்கர டிரெய்லர், இவ்வளவுதான் அதன் வாகனங்கள். சந்தாபுராவுக்கு அப்பால் இருந்த குவாரியிலிருந்து கருங்கல் பாளங்கள் அதில்தான் வந்தன. டிரெய்லரின் பக்கப் பலகையில் சர்க்கார் அனுமதித்த எடை வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தது: ஒன்றரை டன்.

டிரெய்லரோடு ஓட்ட லைசென்ஸ் வைத்திருந்தவன் ஜெயராமன் ஒருவன்தான். முப்பத்தாறு வயது. அதிகம் பேசாதவன். டிரெய்லரின் பின்பக்கம் ஒரு இரும்புச் சக்கரம் இருக்கும். அதைச் சுற்றினால் டிரெய்லருக்கு பிரேக் பிடிக்கும். அதற்கென்று ஓர் ஆள் பின்னால் உட்கார்ந்தே வர வேண்டும் என்பது சட்டம். அந்த வேலைக்குக் கோவிந்தப்பா இருந்தான். தனக்கோடி உள்ளூர் நடைகளுக்கு வெறும் பிக்கப்பை ஓட்டினான்.

தனக்கோடியும் பெரிய லைசென்ஸ் வாங்கிவிட வேண்டும் என்று ஜெயராமனுக்கு ஆசை. ஒருமுறை பரீட்சைக்குப் போய், டிரெய்லரைப் பின்னுக்குத் தள்ளும்போது கோணலாக்கி, தனக்கோடி தோற்றிருந்தான். மோட்டார் வாகன இன்ஸ்பெக்டர் தேசிகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "இன்னும் ஓட்டிப் பழகிண்டு வா. அவசரப்படாதே" என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார். மறு பரீட்சை 1959 ஜூலை மாதம் இருபத்திநாலாம் தேதி.

அதற்கு மூன்று நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை, கோவிந்தப்பா ஜுரம் என்று வரவில்லை. குவாரியில் கல் காத்திருந்தது. சேஷகிரி இருவரையும் கூப்பிட்டு, "ரெண்டு பேரே போயிட்டு வாங்கப்பா. ஒரு நாள்தானே" என்றார்.

போகும்போது ஜெயராமன் ஓட்டினான். குவாரியில் பாளங்களை ஏற்றி முடித்ததும் தனக்கோடி டிரெய்லரைச் சுற்றி வந்து பார்த்தான். டயர்கள் தரையோடு தரையாகப் பிதுங்கியிருந்தன.

"அண்ணே, மூணு டன்னுக்குக் கொறையாது இது."

"மேஸ்திரிகிட்ட கேட்டேன். மொதலாளி ஒரே நடையில அனுப்பச் சொல்லிட்டாராம்" என்றான் ஜெயராமன். கொஞ்ச நேரம் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சாவியைத் தனக்கோடியிடம் நீட்டினான். "நீ ஓட்டு. வெள்ளிக்கெழம டெஸ்ட்டு. லோடோட ஓட்டிப் பாத்தாத்தான் பயம் போவும். பின்னாடி பிரேக்குக்கு நான் உக்காந்துக்கறேன். இவ்ளோ வெயிட்ட உன் கை தாங்காது."

"பழகறவன் ஓட்டுனா லைசென்ஸ் இருக்கறவரு பக்கத்துலதான இருக்கணும்?"

"பக்கத்துல நான், பின்னாடி பிரேக்குக்கு ஒரு ஆளு. அதுக்கு மூணு பேரு வேணும். இங்க ரெண்டு பேருதான் கீறோம்." ஜெயராமன் லேசாகச் சிரித்தான். "எறக்கத்துல மட்டும் நீ பிரேக்க மிதிக்காத. கீழ் கியர்ல விடு. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

பொம்மசந்திரா தாண்டும்வரை ஒரு குறையுமில்லை. தூறல் விழுந்து ரோடு ஈரமாக இருந்தது. ஓர் ஏரிக்கரை மேட்டில் ஏறி வண்டி மறுபக்கம் இறங்கத் தொடங்கியபோது தனக்கோடி கியரைக் குறைத்தான். பின்னாலிருந்து கல் தள்ளியது. அதை முதுகிலேயே உணர்ந்தான். டிரெய்லரின் பிரேக் கிறீச்சிடுவது கேட்டது. பிறகு அது இரும்பு இரும்போடு உரசும் சத்தமாக மாறியது. வண்டி வேகமெடுத்தது. எதிரே வளைவில் ஒரு கட்டை வண்டி வந்துகொண்டிருந்தது.

"மிதிக்காத! நேரா புடி" என்று பின்னாலிருந்து ஜெயராமன் கத்தினான்.

கேட்டது. தெளிவாகக் கேட்டது. ஆனாலும் தனக்கோடியின் கால் பிரேக்கை முழுதாக மிதித்துவிட்டது.

பிக்கப் நின்றது, டிரெய்லர் நிற்கவில்லை. பக்கவாட்டில் திரும்பி, பிக்கப்பையும் இழுத்துக்கொண்டு கரைச் சரிவில் கவிழ்ந்தது. தனக்கோடி கதவோடு சேர்ந்து புல்லில் போய் விழுந்தான். எழுந்து ஓடியபோது பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அவற்றின் அடியில் ஜெயராமனின் ஒரு கை மட்டும் வெளியே தெரிந்தது. கட்டை வண்டிக்காரரும் வயலில் இருந்தவர்களும் கடப்பாரையோடு வந்து கல்லைப் புரட்டி எடுக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

போலீஸ் வருவதற்கு முன்பே ஒரு வாடகைக் காரில் சேஷகிரி வந்து சேர்ந்தார். தனக்கோடியைத் தனியே ஓர் ஆலமரத்தடிக்கு அழைத்துப் போனார். 

"யாரு ஓட்டினது?"

"நான்தான் சார்."

சேஷகிரி கண்ணை மூடிக்கொண்டார். "யாராவது பாத்தாங்களா?"

"கட்டை வண்டிக்காரரு மாட்டப் புடிச்சிகினு இருந்தாரு. பாத்திருக்க மாட்டாரு."

"அப்ப கேளு. உனக்கு லைசென்ஸ் இல்ல. இருக்கறது அவனுக்கு. அவன் ஓட்டினான், நீ பின்னால இருந்த, குதிச்சிட்டே. அவன் என்கிட்ட கேக்காமலே அவ்வளவு லோடு ஏத்திட்டான். போனவன் போயிட்டான். அவனை யாரும் ஜெயில்ல போடப் போறதில்ல. உனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு."

 அரை மணி கழித்து ஏட்டு வந்து கேட்டபோது, சேஷகிரி சொல்லிக்கொடுத்ததைத் தனக்கோடி அப்படியே சொன்னான். ஏட்டு எழுதிக்கொண்டார். கீழே தனக்கோடி கையெழுத்துப் போட்டான்.

மறுநாள் ஜெயராமனைக் கல்பள்ளி இடுகாட்டில் அடக்கம் செய்தார்கள். மழை விடவில்லை. குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. ஜெயராமன் வீட்டார் புத்தரைக் கும்பிடுகிறவர்கள். பெரியவர் ஒருவர் பாலி மொழியில் ஏதோ சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். தனக்கோடி ஆட்களுக்குப் பின்னால் நின்றான். மண் போட அவனைக் கூப்பிட்டபோது போனான். ஒரு பிடி அள்ளினான். அதைப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வெளியே வந்துவிட்டான்.

நாலு நாள் கழித்து ஜெயராமனின் மனைவி காந்தா தனக்கோடியின் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"நஷ்ட ஈடு கேட்டு டெப்போவுக்குப் போனேங்க. அவரே யாரையும் கேக்காம கல்ல ஏத்திகினு, கண்ணு மண்ணு தெரியாம ஓட்டி வண்டியையும் ஒடச்சிட்டாருன்னு சொல்றாங்க. குடிச்சிருப்பாருன்னு கூட ஒருத்தன் சொல்றான். அவரு குடிக்க மாட்டாருன்னு உங்களுக்குத் தெரியும். பதினேழு வருஷம் வண்டி ஓட்டினவரு. அந்த ஏரிக்கரையில எத்தன தபா எறங்கியிருப்பாரு. அன்னிக்கி மட்டும் ஏன் அப்பிடி ஓட்டினாரு? நீங்க கூட இருந்தீங்களே, சொல்லுங்க."

தனக்கோடி தரையைப் பார்த்தான். "ரோடு ஈரமா இருந்துச்சு அண்ணி" என்றான்.

காந்தா கொஞ்ச நேரம் காத்திருந்தாள். வேறு எதுவும் வராததால் போய்விட்டாள்.

உள்ளே அடுப்பருகே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அவன் மனைவி சரசு, "ரோடு ஈரமா இருந்ததா?" என்றாள். அவள் கேட்ட விதத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தது. கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னான். சரசு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"இப்ப சொன்னா அவரு எழுந்து வரப் போறாரா?" என்றாள் கடைசியில்.

"வர மாட்டாரு."

"அப்பறம் எதுக்கு? நீ உள்ள போயிட்டா இதுங்கள வெச்சிகினு நான் எங்க போறது?"

 அன்றிலிருந்து அவர்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. வேறு எதைப் பற்றியும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

ஆகஸ்ட் முதல் வாரம், உடைந்த வண்டியைப் பார்வையிட தேசிகன் வந்தார். போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள். தனக்கோடியையும் வரச் சொல்லியிருந்தார்கள். தேசிகன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிரெய்லருக்கு அடியில் குனிந்து பார்த்தார். பிரேக் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். அது ஒரு மயிரிழைகூட நகரவில்லை.

"பின்னால இருந்தது நீதானே?"

"ஆமா சார்."

"இதை இவ்வளவு தூரம் சுத்தினது நீயா?"

தனக்கோடி சக்கரத்தை ஒருமுறை தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

"கடைசி மரைவரைக்கும் சுத்தியிருக்கு. பிரேக் கட்டை தேஞ்சு இரும்போட இரும்பு உரசியிருக்கு. குதிச்சுத் தப்பிச்சவன் இப்படிச் சுத்திண்டிருக்க முடியாது. விழற நிமிஷம் வரைக்கும் யாரோ இதை விடாம பிடிச்சிண்டிருக்கான்." தேசிகன் நிமிர்ந்து கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டார். அவர் குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "நான் பார்த்ததை நான் எழுதுவேன். உன்னை நான் கட்டாயப்படுத்த முடியாது. நீ சொல்றதுன்னா நீயாத்தான் சொல்லணும்."

தனக்கோடி அந்தச் சக்கரத்தையே பார்த்தான். குதித்துத் தப்பித்திருக்கலாம் ஜெயராமன். பின்பக்கம் தடுப்பே கிடையாது. ஒரு காலை எடுத்து வெளியே வைத்தால் போதும், புல்தரை. அவன் உட்கார்ந்து சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறான், முன்னால் இருப்பவனை நம்பி.

"நான்தான் சார் ஓட்டினேன்" என்றான். "மிதிக்காதன்னு சொன்னாரு. கேட்டுச்சு சார். மிதிச்சிட்டேன்."

 தேசிகன் அவன் தோளில் ஒருமுறை கை வைத்து, ஸ்டேஷனுக்குள் கூட்டிப் போனார்.

கேஸ் ஏழு மாதம் நடந்தது. சேஷகிரி தனக்கு எதுவும் தெரியாது என்று சாதித்தார். குவாரி மேஸ்திரி முதலில் அவர் பக்கம் பேசினான். குறுக்கு விசாரணையில், ஒரே நடையில் அனுப்பச் சொன்னது முதலாளிதான் என்று ஒப்புக்கொண்டான். சேஷகிரிக்கு அபராதம் விதித்தார்கள். காந்தாவுக்கு நஷ்ட ஈடு தரவும் உத்தரவாயிற்று. டெப்போ நடந்துகொண்டுதான் இருந்தது. தனக்கோடிக்கு லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதற்கும், கவனக்குறைவால் ஓர் உயிர் போனதற்கும், பொய் வாக்குமூலம் கொடுத்ததற்கும் சேர்த்து ஒரு வருஷம். இருந்த லைசென்ஸும் போயிற்று.

அவன் கோர்ட்டில் எல்லாவற்றையும் சொன்ன அன்று காந்தா முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஜெயராமன் கத்திய வார்த்தைகளை அவன் திருப்பிச் சொன்னபோது அவள் தலை குனிந்தது. பிறகு நிமிரவே இல்லை.

சரசு பெண்களைக் கூட்டிக்கொண்டு சந்தாபுராவில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போனாள். ஜெயிலுக்கு இரண்டு முறை பார்க்க வந்தாள். மூன்றாவது முறை அண்ணன் மட்டும் வந்தான். பெரியவளுக்குப் படிப்பை நிறுத்தி வீட்டு வேலைக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னான்.

விடுதலையான வாரத்திலேயே தனக்கோடி காந்தாவைப் பார்க்கப் போனான். அவள் காக்ஸ் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தாள். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் எல்லாம் போன பிறகு கேட்டை இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தவள், அவனைப் பார்த்ததும் கையை நிறுத்தினாள்.

"அண்ணி, மன்னிப்பு கேக்கலாம்னுதான் வந்தேன்."

"நீங்க உண்மைய சொன்னீங்க. அவரு பேரு கெடல. அதுக்கு உங்களுக்குப் புண்ணியமா போவும்" என்றாள் காந்தா. நிதானமாகத்தான் பேசினாள். "ஆனா வாசல்ல வந்து நான் கேட்டேனே, அன்னிக்கி ரோடு ஈரமா இருந்துச்சுன்னு சொன்னீங்க. ரெண்டு வாரம் நானும் அவர சந்தேகப்பட்டேன். குடிச்சாரோ, எங்ககிட்ட மறச்சாரோன்னு. செத்துப்போன மனுசன நெனச்சு அழக்கூட முடியாம அவரத் திட்டிகினு இருந்தேன். அத நான் எங்க போய் சொல்றது?"

தனக்கோடி கைகளைக் கூப்பினான்.

"இனிமே வராதீங்க. கோவத்துல சொல்லல. உங்களப் பாத்தா எனக்கு அந்த ரெண்டு வாரம் ஞாபகம் வருது."

அவள் கேட்டைச் சாத்தி உள்ளே தாழ் போட்டாள்.

அதற்குப் பிறகு தனக்கோடி கன்டோன்மென்ட் ரயில் நிலையத்துக் கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்கினான். ஒன்றரை வருஷம் கழித்து ஒரு அறை பிடித்து சரசுவையும் பெண்களையும் அழைத்து வந்தான். பெரியவள் திரும்பப் பள்ளிக்கூடம் போக மறுத்துவிட்டாள். ஒருநாள் ஷெட்டில் லாரி டிரைவர் வரவில்லை என்று சூப்பர்வைசர் அவனைக் கூப்பிட்டு, "ஏம்பா, நீ முன்ன வண்டி ஓட்டினவனாமே. இத அந்தப் பக்கம் எடுத்து நிறுத்திடு. வெளிய போக வேணாம், காம்பவுண்டுக்குள்ளதான்" என்றார்.

"எனக்கு ஓட்டத் தெரியாதுங்க" என்று சொல்லிவிட்டு, தனக்கோடி அடுத்த மூட்டைக்குக் குனிந்தான்.