நத்தாருக்கு வாங்கிய வான்கோழி

என் புருஷன் ரபாயேல் யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லத் தெரியாத மனிதர். மண்வெட்டி இரவல் கேட்டால் கொடுத்துவிட்டு, தன் மிளகுக் கொடிக்குக் கையால் மண் அணைப்பார். இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம்தான் அவருக்கு இல்லை என்று சொல்ல வாய் வரும். அந்தப் பாக்கியசாலி நான்தான்.

நம்பாவிட்டால் எங்கள் வீட்டு வான்கோழியைக் கேளுங்கள். மூன்று வருடத்துக்கு முன் வஹகோட்டைச் சேர்ச் திருவிழாவுக்குப் போன மனிதர், மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்பி வரும்போது சட்டைக்குள் ஒரு வான்கோழிக் குஞ்சை வைத்துக்கொண்டு வந்து நின்றார். கட்டாரில் வேலை செய்கிற எங்கள் ஒரே மகன் ஷெல்டன் அந்த வருடம் நத்தாருக்கு, யேசு பிறந்த நாளுக்கு, வருவதாகச் சொல்லியிருந்தான். "மகன் வந்தா அறுப்போம்" என்றார் ரபாயேல். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை, வான்கோழி தப்பியது. அடுத்த நத்தாருக்கும் லீவு இல்லை. அதற்கடுத்த நத்தாருக்கும் அதே கதை. மகன் வராத ஒவ்வொரு வருடமும் அது கொழுத்துக்கொண்டே போனது.

அது நெஞ்சை நிமிர்த்தி முற்றத்தில் நடப்பதைப் பார்த்தால், அந்தக் காலத்துத் தேயிலைத் தோட்டத்துத் துரை லயத்து வீடுகளைச் சுற்றிப் பார்க்க வருவது போலவே இருக்கும். ரபாயேல் அதற்குத் 'தொர' என்று பெயரே வைத்துவிட்டார். தொரைக்கு ரபாயேல் என்றால் உயிர், என்னைக் கண்டால் ஆகாது. துணி காயப்போடப் போனால் கணுக்காலைக் கொத்தும். "இந்த நத்தாருக்கு மகன் வந்தாலும் சரி, வராட்டியும் சரி, இது சட்டிக்குத்தான்" என்று நான் கத்தாத நாளில்லை. ரபாயேல் காது கேளாதவர் மாதிரி அதற்குச் சோளம் போட்டுக்கொண்டிருப்பார்.

அப்படியிருக்கும்போதுதான் புயல் வந்தது. உக்குவளைக்கு மேலே மலையில் குடியிருக்கிற எங்களைக் கடலில் சுற்றுகிற புயல் என்ன செய்துவிடும் என்று முதலில் நாங்கள் அசையவில்லை. மழை விடாமல் கொட்டியது. அடுப்பெரிக்கிற குசினிக்குப் பின்னால் இருந்த மேட்டில் நீளமாக ஒரு வெடிப்பு விழுந்தது. கிராம சேவகர் குடையைப் பிடித்துக்கொண்டு வந்து வெடிப்பைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார்.

"பெரிய மழ இனித்தான் இருக்கு. இப்பவே எறங்கிருங்க. கீழ சேர்ச் ஹோலுல எடம் போட்டிருக்கோம்" என்றார்.

"ஐயா, அப்ப தொர?" என்று கேட்டார் ரபாயேல்.

"எந்தத் தொர?"

ரபாயேல் கையை நீட்டிக் காட்டினார். தொர கூட்டுக்குள்ளிருந்து கழுத்தை நீட்டி, 'களக் களக்' என்று கிராம சேவகருக்கு வணக்கம் சொன்னது. அந்த மனிதர் நனைந்த கோழி மாதிரி நின்றுகொண்டிருந்தார், சிரிக்கிற நிலையில் இல்லை. "வளக்கிறவங்கதான் பொறுப்பு. கட்டிப் போட்டுட்டுப் போயிறாதீங்க, பாவம். கொண்டு வந்தா ஹோலுக்குள்ள விட மாட்டாங்க, பின்னால சைக்கிள் கொட்டிலுல வச்சிக்கணும். தீனியும் ஒங்க செலவு, எச்சம் கழுவுறதும் ஒங்க வேல" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

"அவுத்து விட்டுட்டுப் போவோம். அது நம்மளவிடக் கெட்டிக்காரன், பொழச்சிக்கும்" என்றேன் நான்.

"இந்த மழையில அது எங்க போவும்? திரும்பக் கூட்டுக்குத்தான் வரும். நீ போ கொறற்றி. நா இதோட இருந்துக்கிறேன்."

மலை வந்து மூடினால் மூடட்டும், நான் வான்கோழியோடு மண்ணுக்குள் போகிறேன் என்று ஒரு மனிதன் கட்டின பெண்டாட்டி முகத்துக்கு நேரே சொல்வானா? ஆனால் இவர் சொன்னால் செய்கிற ஆள். எனக்குப் பயம் வந்துவிட்டது. "சரி, தூக்குங்க அந்தச் சனியன" என்றேன். அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே, கல்யாணத்தன்றுகூட அப்படி மலரவில்லை.

த்ரீவீல் கொண்டு வந்த ஜிப்ரி எங்கள் ஊர்ப் பையன்தான். தொரையைக் கண்டதும் இஞ்சினை நிறுத்திவிட்டான். "அக்கா, இதுக்கு ரெண்டு ஆளு கணக்குத் தரணும்."

"ஏன்டா, அது ரெண்டு சீட்டுலயா ஒக்காரப் போவுது?"

"ஒக்காராதுதான். ஆனா ஏறுற ஆளுங்க யாரும் சீட்டுல எச்சம் போட மாட்டாங்களே அக்கா. கழுவுறது நான்தானே?"

எனக்குக் கொடுத்ததைவிட அதற்குக் கூடக் கொடுத்து ஏறினோம். ரபாயேல் அதன் காலைப் பழைய சீத்தைத் துணியால் கட்டி மடியில் வைத்துக்கொண்டார். தலை அவர் பக்கம், வால் என் பக்கம். பாதி வழியில்தான் எனக்கு ஞாபகம் வந்தது. "என்னாங்க, என் பிரஷர் குளிசைய எடுத்தீங்களா?"

அவர் பையைத் தடவிப் பார்த்தார். தவிடு இருந்தது. சோளம் இருந்தது. தொர தண்ணீர் குடிக்கிற பேசின்கூட இருந்தது. "கொண்டு வந்தேன்னுதான் நெனச்சேன்" என்றார். ஜிப்ரி சிரித்த சிரிப்பில் வண்டி ரோட்டோரக் கானுக்குள் போகப் பார்த்தது. குளிசை எடுக்காமலே எனக்குப் பிரஷர் ஏறிவிட்டது.

சேர்ச் ஹோலில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். மூன்று வேளையும் பருப்பும் சோறும்தான் என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். நான் பெயர் பதிகிற வரிசையில் நின்றேன். ரபாயேல் தொரையைத் தூக்கிக்கொண்டு சைக்கிள் கொட்டிலைத் தேடிப் பின்னால் போனார். அங்கே போகக் குசினியைத் தாண்ட வேண்டும். நடந்த அநியாயம் அங்கேதான் நடந்தது.

கொஞ்ச நேரத்தில் மைக் கரகரத்தது. உதவி செய்தவர்களின் பெயர்களை வாசித்தார்கள். ஒரு மூட்டை அரிசி தந்த பஸ்லி முதலாளி. தேங்காய் தந்த இன்னொருவர். "மதியச் சாப்பாட்டுக்கு ஒரு பெரிய வான்கோழிய அன்பளிப்பாகத் தந்த ரபாயேல் குடும்பத்தாருக்கும் நன்றி!"

ஹோல் முழுக்கக் கைதட்டல். விசிலும் பறந்தது.

பொய் சொல்வானேன், ஒரு நிமிடம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என் வீட்டுப் பெயரை யாரும் அதற்கு முன் மைக்கில் வாசித்ததில்லை. ஊரில் என்னோடு பேசாத ஒருத்தி எழுந்து வந்து, "கொறற்றி அக்கா, இங்க ஒழுகல, வந்து படுங்க" என்று நல்ல மூலையில் பாய் விரித்தாள். பல்லேகமவிலிருந்து மகளைப் பார்க்க வந்து, ரோடு மூடியதால் இங்கே மாட்டிக்கொண்ட இருளாண்டி என்கிற மனிதர், என் கையையே பிடித்துக்கொண்டார். "தாயே, வந்ததுலேருந்து பருப்புத்தான். இன்னிக்கு ஒங்க புண்ணியத்துல வாய் ருசியாச் சாப்புடப் போறேன். கால் துண்டு எனக்குன்னு சொல்லி வச்சிருங்க" என்றார்.

அப்போதுதான் எனக்கு ரபாயேல் ஞாபகம் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், மனிதர் சைக்கிள் கொட்டிலில் தவிட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார்.

"எங்க அது?"

"கேட்டாங்க. குடுத்துட்டேன்."

"யாரு கேட்டா?"

"குசினிய பாக்கிற பிரசாந்தி. ஆண்டவரே ஒங்கள அனுப்பினாரு அண்ணேன்னு சொல்லி கையிலேருந்து வாங்கிருச்சி. பின்னால நாலு புள்ளைங்க வேற சந்தோஷத்துல குதிக்குதுங்க. எப்புடி இல்லன்னு சொல்றது?" அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "போகட்டும் விடு. நீயும்தானே மூனு வருசமா அறுக்கச் சொன்ன."

"நா சொன்னா ஒடனே கேட்டுருவீங்களோ? நா சொன்னதுல வேற எதக் கேட்டீங்க இத்தன வருசமா?"

அவர் தோள் குலுங்கியது. நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குசினிக்கு நடந்தேன்.

அங்கே அடுப்பில் பெரிய கிடாரத்தில் இறகு பிடுங்கச் சுடுதண்ணீர் கொதித்தது. ஒருவர் கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தார். தொரையைக் குழாயடியில் கட்டியிருந்தார்கள். அந்த நடையும் இல்லை, சத்தமும் இல்லை, கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு சுருண்டு கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ அறுந்தது. நத்தாருக்கு நத்தார் இந்தக் கத்தியை நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். இப்போது கத்தி வந்து நிற்கிறது. என் மகனுக்கென்று வாங்கியது. அவனைக் காணாமலே இது சட்டிக்குள் போகப் போகிறது.

"கத்திய வைங்க அண்ணே" என்று குனிந்து கட்டை அவிழ்த்தேன். நன்றிகெட்ட ஜென்மம், அந்த நேரத்திலும் என் கையைக் கொத்தியது.

பிரசாந்தி அகப்பையோடு வந்து நின்றாள். "என்னக்கா இது? அறிவிச்சாச்சே! சனங்க பிளேட்டோட காத்துக்கிட்டு இருக்கு."

"தங்கச்சி, இது குடுக்கக் கொண்டு வந்தது இல்ல. எங்ககூட தங்க வந்தது."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப அத நீங்களே மைக்குல சொல்லிருங்க. என்னால அந்தப் புள்ளைங்க மூஞ்சப் பாத்துச் சொல்ல முடியாது."

தொரையை ஒரு கையில் இடுக்கிக்கொண்டு மறுகையில் மைக்கைப் பிடித்தேன். இத்தனை பேர் முன்னால் நான் பேசியதே இல்லை.

"நா மரிய கொறற்றி. இப்ப வாசிச்சாங்களே, அந்த வான்கோழி எங்களதுதான். எங்க வீட்டுக்காரருக்கு இல்லன்னு சொல்ல வராது, அதனால குடுத்துட்டாரு. இது எங்க மகன் வந்தா அறுக்கன்னு வாங்கினது. மூனு நத்தாரா அவன் வரல. அவன் இல்லாம இத இன்னிக்கு அறுத்துட்டா, அவன் இனி வர மாட்டான்னு நானே சொல்லிட்ட மாதிரி இருக்கு. என்னால முடியாதுங்க. மன்னிச்சிக்கங்க. இங்க இருக்கிற வரைக்கும் தேங்காய் திருவுறது, பாத்திரம் கழுவுறது எல்லாம் நா செய்றேன்."

இருளாண்டிதான் முதலில் பெருமூச்சு விட்டுக் கேட்டார். "அப்ப எங்களுக்கு?"

"சோயா எறச்சி!" என்று குசினியிலிருந்து பிரசாந்தி கத்தினாள். ஹோலே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் கண்ணையும் துடைத்தார்கள், நான் பார்த்தேன். பாய் விரித்தவள் மட்டும் பாயைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

சோறு பரிமாறி முடிகிற நேரம் என் போன் அடித்தது. ஹோலுக்கு ஒரே ஒரு பிளக் பலகை, ஜெனரேட்டரில் ஓடியது. எல்லாருடைய போனும் அதில்தான் தொங்கின. என்னுடையது வயரைக் கழற்றினால் செத்துவிடும் பழைய போன். பலகைக்குப் பக்கத்தில் காவல் மாதிரி உட்கார்ந்திருந்த இருளாண்டி எடுத்து, ஸ்பீக்கரையும் போட்டுவிட்டார். "தாயே, ஒங்க மகன்!"

"அம்மா! அப்பாவும் நீங்களும் நல்லா இருக்கீங்களா?" ஷெல்டனின் குரல் ஹோல் முழுக்கக் கேட்டது.

"நல்லா இருக்கோம்டா. சேர்ச்சுல இருக்கோம்."

"நியூஸ் பாத்து எனக்கு உசுரே இல்லம்மா. மேனேஜர்கிட்ட சண்ட போட்டு லீவு வாங்கிட்டேன். டிக்கட்டும் போட்டாச்சு. நத்தாருக்கு வர்றேன்."

பக்கத்தில் யாரோ கைதட்டினார்கள். அவன் விடாமல் பேசினான். "அந்த வான்கோழி இன்னும் இருக்கில்ல? இந்த வாட்டி கட்டாயம் அறுத்துருவோம்மா!"

அத்தனை முகமும் என் பக்கம் திரும்பின. மகன் வந்தால் அறுக்க என்று சற்று முன்னால் மைக்கில் சொன்னவள் நான்தானே? வாசலில் ரபாயேல் தொரையோடு நின்றார். இவர் மகனிடம் இல்லை என்று எந்தக் காலத்தில் சொல்வார்? அதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"நீ வா மகனே. ஒனக்குப் புரொய்லர் கோழி வாங்கித் தாறேன்."

"என்னம்மா! அது எனக்குன்னு வாங்கினதுதானே?"

"ஒனக்குன்னு வாங்கினதுதான்டா. நீ வராத நேரமெல்லாம் ஒனக்குப் பதிலா அதுதான்டா எங்ககூட இருந்துச்சு. அத எப்புடி அறுக்கிறது?"

போனில் சத்தமே இல்லை. அவன் அழுகிறானா, லைன் போய்விட்டதா என்று தெரியாமல் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தோம். இருளாண்டி போன் பக்கம் குனிந்தார்.

"தம்பி, அம்மா சொல்றதக் கேளுங்க" என்றார். "எங்களுக்கும் சோயாதான் கெடச்சிச்சு."