எறும்பு தொடாத ஸ்பூன்

அத்தானுக்குப் பூமியைக் காப்பாற்றும் ஆசை வந்தது, அவருடைய பிளாஸ்டிக் சாமான் கடை நொடித்துப்போன மறு மாதம். அதுவரை பூமி எக்கேடு கெட்டால் என்ன என்றிருந்தவர், எதிர்ப்படுகிறவர்களை எல்லாம் நிறுத்திவைத்துக் கடலில் மிதக்கும் குப்பையைப் பற்றிக் கண்கலங்கப் பேச ஆரம்பித்தார். கடலை அவர் பார்த்ததே ஒரு தடவைதான். அன்றைக்குக் குளிர்பானத்தைக் குடித்துவிட்டுப் பாட்டிலை அலைக்குள் வீசினார். கூடப் போயிருந்த மச்சினிக்கு அது மறக்கவில்லை.

அந்த மச்சினிதான் அவருடைய புதுத் தொழிற்கூடத்தில் சோதனைப் பிரிவைப் பார்த்துக்கொண்டாள். பிரிவு என்றால் அவளும் ஒரு மேசையும். மாவைப் பிசைந்து, அச்சில் அழுத்திச் சுட்டெடுத்தால் ஸ்பூன். சாப்பாட்டை அள்ளித் தின்றுவிட்டு ஸ்பூனையும் கடித்துத் தின்னலாம். வேண்டாமென்றால் மண்ணில் போட்டால் மக்கிவிடும். யோசனையில் ஒரு குற்றமும் இல்லை. எந்த மாவு எவ்வளவு, எத்தனை சூடு என்பதெல்லாம் அவள் எட்டு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்தவை. எதையும் முகர்ந்து பார்க்காமல் விடமாட்டாள் என்பதால் பேக்கிங் பெண்கள் அவளை ‘மோப்பக்காரி’ என்பார்கள்.

சூடான சூப்பில் பத்து நிமிடம் கிடந்தால் ஸ்பூன் தளர்ந்துவிடும் என்பது ஒன்றுதான் குறை. வாங்கியவர்கள் முணுமுணுத்தார்கள்.

“மாவுப் பக்குவத்தை மாத்திப் பாக்கறேன் அத்தான். ரெண்டு மாசம் குடுங்க.”

“ரெண்டு மாசமா? அதுக்குள்ள பூமியே அழிஞ்சிரும்மா!”

அடுத்த வாரமே ஸ்பூன்கள் கெட்டியாகிவிட்டன. “அடுப்புச் சூட்டைக் கொஞ்சம் கூட்டினேன், அவ்வளவுதான்” என்றார் அத்தான். அவள் ஒன்றை எடுத்துக் கொதிக்கிற சூப்பில் போட்டுவிட்டு வேறு வேலை பார்த்தாள். மூன்று மணி நேரம் கழித்து எடுத்தால் புது மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக நின்றது. முகர்ந்தாள், ஒரு வாசமும் இல்லை. சுட்ட மாவின் வாசம்கூட இல்லை என்பதுதான் அவளுக்கு உறுத்தியது.

ஜன்னலோரம் எறும்புகள் ஊர்ந்து போகும் வழியில் பழைய ஸ்பூன் ஒன்றையும் புது ஸ்பூன் ஒன்றையும் வைத்தாள். சாயங்காலத்துக்குள் பழையதை எறும்புகள் மொய்த்து அரித்துவிட்டன. புதியதைச் சுற்றிக்கொண்டு போயின.

பின்கட்டு அறையின் சாவி பேக்கிங் பெண்களில் மூத்தவளிடம் இருந்தது. “உன் மூக்குக்கே எட்டாத மாதிரி பாத்துப் பாத்து வாங்கியிருக்காரு” என்று சொல்லித் திறந்துவிட்டாள். உள்ளே ஆறு டப்பா வார்னிஷ். நாற்காலி மேசைக்குப் பூசுவது. வாசமில்லாத வகை.

“அத்தான், இது மரச்சாமானுக்குப் பூசறது.”

“ஸ்பூனும் ஒரு சாமான்தானே?”

“மனுஷங்க தின்னப்போறாங்க.”

அத்தான் சிரித்தார். “யாரும்மா ஸ்பூனைத் தின்னறாங்க? தின்னலாம்னு அட்டையில போட்டிருந்தா சந்தோஷமா வாங்குவாங்க. சாப்பிட்டு முடிச்சதும் தூக்கிக் குப்பையில போடுவாங்க. எனக்கு மனுஷங்களைத் தெரியும்.”

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கு எதிரே ஓர் ஆள் இருக்க வேண்டும். செருப்பில் எதையோ மிதித்துவிட்டவள் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடங்களுக்கு மதியச் சாப்பாடு கொடுக்கும் நிறுவனத்தின் மேலாளர் அம்மாள் வந்தார். வருகிறவர்கள் முன்னால் அத்தான் ஒரு ஸ்பூனை நறுக்கென்று கடித்துத் தின்று காட்டுவது வழக்கம். அதற்கென்றே பூச்சு இல்லாத பழைய ஸ்பூன்களைத் தனி டின்னில் வைத்திருந்தார். தட்டை எடுத்துவந்த மச்சினி, டின்னைத் தொடாமல் விற்பனைப் பெட்டியிலிருந்து எடுத்து அடுக்கியிருந்தாள். பளபளப்பைப் பார்த்ததுமே அத்தானுக்குத் தெரிந்துவிடும். ஏதாவது சாக்குச் சொல்லி மழுப்புவார், அதோடு குட்டு உடையும் என்பது அவள் கணக்கு.

அவருக்குத் தெரிந்தது. அவளை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஸ்பூனை எடுத்துக் கடித்து, மென்று, தொண்டை ஏறி இறங்க முழுங்கினார். கடைசித் துண்டு வரைக்கும் தின்றுவிட்டு, “இதுதாங்க நாளைய உலகம்” என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது.

மனுஷன் இவ்வளவு கீழே போவான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. ஆனால் பள்ளத்துக்கு அடியில் இன்னொரு பள்ளம் இருந்தது.

“எனக்கும் ஒண்ணு குடுங்க. பிள்ளைங்க வாயில வெக்கறதை நான் தின்னு பாக்காம வாங்க மாட்டேன்” என்றார் மேலாளர் அம்மாள். அத்தான் தட்டைத் தானே எடுத்து, இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினார்.

“தொடாதீங்கம்மா” என்றாள் மச்சினி. “அதுல வார்னிஷ் பூசியிருக்கு.”

“விளையாட்டுக்குச் சொல்றா. வீட்டுப் பிள்ளை, செல்லம் ஜாஸ்தி” என்றார் அத்தான், தட்டைக் கீழே வைக்காமலே.

அம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு ஸ்பூனை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். மறுநாளே அதிகாரிகள் வந்து பெட்டிகளுக்குச் சீல் வைத்தார்கள். மச்சினி தன் மாவுக் குறிப்பு நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியேறினாள். “நன்றி கெட்ட ஜென்மம்” என்று அத்தான் வாசல்வரை வந்து கத்தினார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை; அந்த முகத்துக்கு ஒரு பார்வையே அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா போன் பண்ணினாள்.

“உங்க அத்தானுக்கு ரெண்டு நாளா வயித்தைப் பிடுங்குதுடி.”

“டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போ. என்ன தின்னாருன்னு உண்மையைச் சொல்லச் சொல்லு. அவரு வாயில அது வராது, பரவாயில்ல, நீயே சொல்லிரு.”

திட்டப்போகிறாள் என்று காத்திருந்தாள். அக்கா திட்டவில்லை.

“நம்ம பிள்ளைங்களுக்கு ஒரு பெட்டி கொண்டாங்கன்னு நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன். ‘வீட்டுக்கு வேணாம், வேணாம்’னுட்டாரு. சிக்கனம்னு நெனச்சேன்டி.”

“அக்கா...”

“இப்பக் கஞ்சி வெச்சுக் குடுன்னு கேக்கறாரு. வெக்கத்தான் கை வரல.”

“வெச்சுக் குடு. வயித்துக்கு நல்லது.”

“வெக்கறேன்” என்றாள் அக்கா. “உப்பு மட்டும் போட மாட்டேன்.”