எறும்புக்குப் பயந்து நின்றவன்

எரோல் வீட்டை விட்டுப் போகாமல் நின்றதற்கு நெரிடா காரணமில்லை, ஓர் எறும்புதான் காரணம். ஹுவான் ஆற்றங்கரையில் இது எல்லோருக்கும் தெரியும். அவன் மனைவியான நெரிடாவுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

அன்றைக்கு அவன் பெட்டியை வண்டியில் ஏற்றியாகிவிட்டது. இந்தத் தீவை விட்டுக் கடல் தாண்டி மெல்போர்ன் பக்கம் போய்ப் பிழைத்துக்கொள்கிறேன், உன்னோடு இனி முடியாது என்று சமையலறையில் நின்று சொல்லியும் ஆகிவிட்டது. போகிற போக்கில் கோடரியையும் எடுத்துக்கொள்வோமே என்று விறகுக் குவியல் பக்கம் போனான் பாருங்கள், கணுக்காலில் ஒன்று போட்டது. கறுத்த உடம்பு, ஆரஞ்சு நிறக் கால், நடக்காமல் குதித்துக் குதித்து வருகிற சனியன். குதியெறும்பு கொட்டினால் பலருக்கு ஒரு தடிப்போடு போய்விடும். சிலருக்கு உயிரையே கேட்கும். எரோல் அந்தச் சிலரில் ஒருத்தன். முகம் வீங்கி, மூச்சு இழுத்து, விறகின் மேலேயே சாய்ந்தான். நெரிடா ஓடிப்போய் வாயோடு வாய் வைத்து ஊதினாள், ஆம்புலன்ஸ் வரும்வரை விடவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவன் பெட்டியைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அவளே அதைத் திறந்து, சுத்தமாக இருந்த சட்டைகளை மறுபடி துவைத்து அலமாரியில் அடுக்கினாள்.

அதற்கப்புறம் எரோல் தன் முற்றத்துக்கே அந்நியனாகிப் போனான். வெயிலடித்தால் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "அங்க ஏதோ குதிக்குது, போய்ப் பாரு" என்பான். பார்ப்பது நெரிடாவின் வேலை. காலையில் வெயில் ஏறியதும் தடித்த பூட்சை மாட்டிக்கொண்டு புல்லில் நடப்பாள். பொடிக்கல் கொட்டிவைத்த மாதிரி மண் லேசாக மேடிட்டிருந்தால் அது புற்று. உடனே கிளறினால் அவ்வளவுதான், படையே மேலேறும். பக்கத்தில் ஒரு வெள்ளைக் குச்சியை நட்டுவைத்து, வெளியே போன எறும்பெல்லாம் திரும்பிய பிறகு, பொழுது சாய்கிற நேரத்தில் புற்றின் வாயில் மருந்துப் பொடியைத் தூவுவாள். நாற்காலியின் அடியில், தபால் பெட்டிக்குள், முதுகில் சிவப்புக் கோடு போட்ட கறுப்புச் சிலந்தி தாறுமாறாக வலை கட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பதும் அவள்தான். அவன் செருப்பைத் தட்டிவைப்பதும் அவள்தான். கொட்டிவிட்டால் உடனே குத்தவேண்டிய அட்ரினலின் ஊசி எப்போதும் அவள் ஏப்ரன் பைக்குள் இருக்கும்.

எரோலின் அக்கா பெவ் ஒருத்திதான் உள்ளதை உள்ளபடி பேசுகிறவள். ஹோபார்ட்டில் எறும்பின் விஷத்தையே கொஞ்சங்கொஞ்சமாக உடம்பில் ஏற்றிக் குணப்படுத்துகிறார்கள், ஐந்து வருடம் ஆகும் என்று நெரிடா சொன்னபோது, பெவ் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"குணமாக்கி என்னடி பண்ணப்போற? எந்தம்பியக் கட்டிப்போட்டிருக்கிறது அந்த எறும்புதான். அதையும் அவுத்து விடப்போறியா?"

"போறவனா இருந்தா போவட்டும் பெவ்."

"வாய் சொல்லுது. மூஞ்சியப் பாரு."

நெரிடாவின் மனசுக்குள் வேறு கணக்கு ஓடியது. உயிரைக் காப்பாற்றினோம், ஊசிக்கும் அழைத்துப்போகிறோம், இத்தனையும் பார்த்தபிறகு ஒருத்தன் போவானா? தேறியபிறகும் எரோல் இருந்தான் என்றால் அது அவளுக்காக இருந்ததாகும். அந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளத்தான் மாதாமாதம் பனியிலும் மழையிலும் ஹோபார்ட்டுக்குப் போகிற வளைவுப் பாதையில் அவனை ஏற்றிக்கொண்டு வண்டி ஓட்டினாள். ஓட்டாமல் விட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

ஊசி போட்டபிறகு ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார வைத்துக் கவனிப்பார்கள். அந்த நேரத்தில் அவள் கடைக்குப் போய் மருந்துப் பொடி வாங்கி வருவாள்.

ஐந்து வருடம் ஓடி, கடைசி ஊசியும் முடிந்தது. அன்று சாயங்காலம் அவனுக்குப் பிடித்த சிப்பிக்கறியை மாவுக்குள் பொதிந்து சுட்டு வைத்தாள். எரோல் ஒழுங்காக வழித்துச் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினான்.

"நெரி, உக்காரு."

"பாத்திரம் கெடக்கு. சொல்லு, காது கேக்குது."

"லினெட்னு ஒருத்தி. ஊசி போடுற எடத்துல பழக்கம். பக்கத்து நாற்காலி."

அவள் கை தண்ணீருக்குள் நின்றது. "நான் பொடி வாங்கப் போற நேரத்துலயா?"

"நீ எங்க போவேன்னு எனக்கு என்ன தெரியும்? அவளோட போயி இருக்கப்போறேன். நீ எனக்குச் செஞ்சதை நான் இல்லேன்னு சொல்லல."

"சொன்னா மட்டும் என்ன ஆயிடப்போவுது?"

"இன்னொண்ணு." எரோல் நாற்காலியில் நெளிந்தான். "அவளுக்கு ஊசி பாதிதான் ஆயிருக்கு. வீட்டைச் சுத்தி ஒரே புத்து. நீ ஒருதடவை வந்து பாத்துக் குடுத்துட்டா நல்லா இருக்கும். உன் கண்ணுக்குத்தான் அது தப்பாது."

நெரிடாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடப்பாவி, கேட்கிறானே, வாய் கூசாமல் கேட்கிறானே.

"வெக்கமா இல்ல உனக்கு?"

"இதுல வெக்கப்பட என்ன இருக்கு? நாளைக்கு அவ செத்துக்கித்துப் போனா?"

அந்த ஒரு சொல்லுக்கு அவள் மசிவாள் என்று அவனுக்குத் தெரியும். வீங்கி நீலம்பாரித்த முகத்தைக் கையில் ஏந்தியவள் அவள். மறுநாள் காலை எரோல் அதே பெட்டியோடு புல்வெளி நடுவே வெறுங்காலில் நடந்து வண்டிக்குப் போனான். அவளுக்குக் காட்டத்தான் அப்படி நடந்தானோ என்னவோ.

தன்னையே திட்டிக்கொண்டு ஒரு வாரம் பொறுத்தாள். அப்புறம் பொடி டப்பாவையும் குச்சிகளையும் வண்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். லினெட் கதவைப் பாதி திறந்தாள். பறவை மாதிரி சின்ன உடம்பு, வீட்டுக்குள்ளேயே பூட்ஸ்.

"எரோல் எங்க?"

"மீன் பிடிக்கப் போயிருக்கார். இத்தனை வருஷம் அடைஞ்சு கெடந்தாச்சாம், இனிமே முற்றத்தைப் பாத்துக்கிட்டு உக்கார முடியாதாம்." லினெட் தரையைப் பார்த்தாள். "உங்களை வரச்சொல்ல எனக்கு வாய் வரல. உங்களுக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும்னு சொன்னார்."

வாயைத் திறந்தால் என்னென்ன வருமோ என்று பயந்து நெரிடா குச்சிக்கட்டைக் கையில் எடுத்தாள். வாசற்படி, துணி காயப்போடும் கம்பி, தபால் பெட்டி வரைக்கும் போகிற பாதை என்று லினெட் கால் வைக்கிற இடமெல்லாம் தேடிக் குச்சி நட்டாள். பொழுது சாயும்வரை வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். லினெட் தேநீர் கொண்டுவந்து ஜன்னல் வழியாக நீட்டினாள், அதைக் குடித்தும் விட்டாள். வெளிச்சம் மங்கியதும் ஒவ்வொரு புற்றாகக் குனிந்து பொடி தூவி முடித்தாள்.

"படகு நிக்கிற பக்கமும் புத்து இருக்கு. அதுல கை வைக்கல" என்றாள்.

"ஐயோ, ஏன்?"

"அது உன் வழி இல்ல, அவன் வழி. அவன்தான் தேறிட்டானே. கொட்டுனா நெருப்பாட்டம் எரியும், சாவ மாட்டான். பொடி டப்பாவ இங்கயே வச்சிட்டுப் போறேன். நீ குனியாத, அவனைக் குனியச் சொல்லு."

"செய்வாரா?"

"எனக்குத் தெரியாது. அட்ரினலின் ஊசிய மட்டும் உன் பையிலேயே வச்சுக்கோ, அவன்கிட்டக் குடுத்து வைக்காத."

லினெட் தலையாட்டினாள். டப்பாவை வாங்க நீண்ட கை அப்படியே நின்றது. நெரிடாவின் கையுறைக்கும் சட்டைக்கும் நடுவே மணிக்கட்டு சிவந்து தடித்திருந்தது. அதற்குமேல் பழைய தழும்புகள் முழங்கைவரை கறுத்துக் கிடந்தன.

"உங்களையும் இது கொட்டுமா?"

இத்தனை வருடத்தில் இதைக் கேட்க ஒரு ஆள் வந்தும், வந்தவள் இவளாய்ப் போனாளே என்று நெரிடாவுக்குக் கசந்தது. சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"கொட்டும். ஒவ்வொரு தடவையும் கொட்டும்."

"எரோல் சொல்லவே இல்லையே."

"அவனுக்குத் தெரியாது" என்றாள் நெரிடா. "கேட்டதில்ல."